குலுக்கைக்குள் வைத்த மாண்டலின்

சந்தேகம் என் பிறவிக்குணம். மோர்க்காரி நாழியைக் கவிழ்த்துக் காட்டினாலும் அளவைக் குறைக்க அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். “நீ மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல நிக்கிற தூதரு நெசத் தூதரான்னு விசாரிச்சிட்டுத்தான் உள்ள போவ” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்தக் குணத்தால் நான் ஏமாறாமல் தப்பித்ததும் உண்டு. ஒரு மனிதரைப் பாழாக்கியதும் உண்டு. இரண்டாவதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது யுத்த காலம். பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற ரோட்டில், கம்பும் பருத்தியும் விளைகிற கரிசல் ஊர் எங்களுடையது. முப்பது கிறிஸ்தவக் குடும்பங்களும் ஒரு ஓட்டுக் கோயிலும் உண்டு. என் வீட்டுக்காரர் சபை மூப்பர். கோயில் சாவி, விரிப்பு, பாத்திரம் எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். மாண்டலினும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

சீமைக்குத் திரும்பிப் போன துரைசானி ஒருவர் அதைச் சபைக்கென்று விட்டுப்போயிருந்தார். அவருடைய பாட்டனார் காலத்துச் சாமான். இத்தாலி தேசத்தில் செய்ததாம். அரைப் பூசணிக்காயைப் போல முதுகு, அதுவும் மெல்லிய மரப்பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒட்டியது. முகத்தில் முத்துச்சிப்பியால் இழைத்த வண்ணத்துப்பூச்சி. மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்படி ஒண்ணு இந்த ராஜதானியிலேயே வேற இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் சபையாருக்குக் கால் தரையில் பாவவில்லை. நரிக்குடிப் பக்கமிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் முதலில் மாண்டலினைப் பார்த்தார்கள், பிறகுதான் பீடத்தைப் பார்த்தார்கள்.

அதை வாசித்தவர் அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவர். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். துரைசானியின் பங்களாவுக்குத் திரைச்சீலை நெய்து கொடுக்கப் போன இடத்தில் வாசிப்பைப் பார்த்துப் பழகியவர். ஞாயிறுதோறும் காலை பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் மாண்டலினை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார். ஆராதனை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். பழகுவதற்காக வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் முடியாது என்று நான்தான் சொன்னேன்.

எனக்கு அவர் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். திருப்பிக் கொடுக்குமுன் கம்பிகளையெல்லாம் தளர்த்தி விடுவார். வேறு யாரும் தொட்டு வாசித்துவிடக் கூடாது என்று செய்கிற வேலை என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

“ஏண்ணே, எதுக்கு இதத் தொளதொளன்னு ஆக்கிட்டுப் போறீக?”

“இறுக்கமா கெடந்தா ஒடம்பு தாங்காது, மூப்பரம்மா. தறியில பாவு நூலக்கூட வேல முடிஞ்சா தளத்தித்தான் விடுவோம்” என்றார்.

நான் நம்பவில்லை. அவர் போனதும் முறுக்காணிகளைத் திருகி இறுக்கி வைப்பேன். மறுவாரம் அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சுருதி சேர்த்துக்கொள்வார். ஒன்றும் சொல்லாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

பிறகு ஒரு ஞாயிறு, அவர் மடியிலிருந்து நூலை எடுத்து மாண்டலினின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து முடிச்சுப் போடுவதைப் பார்த்துவிட்டேன். இதே அளவில் போலி ஒன்று செய்து வைத்துவிட்டு அசலைக் கொண்டுபோகப் போகிறார் என்று முடிவு கட்டினேன். அந்த வாரமே யாரோ ஒரு மதுரை வியாபாரி பழைய வாத்தியங்களை விசாரித்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் திரிகிறான் என்று காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது?

எங்கள் பக்கத்தில் ஒன்றைப் பத்திரப்படுத்த வேண்டுமென்றால் குலுக்கையில் போடுவோம். குலுக்கை என்பது தானியம் சேமிக்கிற ஆளுயர மண் கூடு. நகையோ பத்திரமோ, துணியில் சுற்றித் தானியத்துக்குள் புதைத்து, மேலே வேப்பிலையைப் பரப்பி, மூடியைச் சாணி போட்டு மெழுகிவிட்டால் கள்ளனும் எடுக்கமாட்டான், கரையானும் அண்டாது. அப்போதுதான் புதுக் கம்பு களத்திலிருந்து வந்திருந்தது. வெயிலில் காய்ந்த சூடு ஆறாமல் குலுக்கையில் கொட்டினோம். மாண்டலினைப் பெட்டியோடு வைக்கக் குலுக்கையின் வாய் பற்றாது. பெட்டியை அலமாரியில் விட்டுவிட்டு மாண்டலினை மட்டும் பழைய சேலையில் சுற்றிக் கம்புக்குள் இறக்கினேன். இறக்குவதற்கு முன் வழக்கம்போல் கம்பிகளை நன்றாக முறுக்கி வைத்தேன். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு அலமாரிச் சாவி தொலைந்துவிட்டது என்று சாதித்தேன். மூன்றாவது ஞாயிறு அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலைக் கோயிலில் படைத்து, பிறகு அதையே சபையார் ஏலம் எடுக்கிற நாள். அன்றைக்கு மாண்டலின் இல்லாமல் முடியாது. வெள்ளிக்கிழமை பகலில் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குலுக்கையைத் திறந்தேன். சேலையைப் பிரித்ததும் முதுகுப் பட்டைகள் வாழைப்பூ மடல்கள் மாதிரி விரிந்து நின்றன. புதுத் தானியத்தின் சூட்டில் ஒட்டு முழுக்க விட்டுப்போயிருந்தது. முகப்பலகையும் கம்பி இழுத்த இழுப்பில் மேலே வளைந்திருந்தது.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைப் பெட்டியில் வைத்து, வார்ப்பட்டையை இறுக்கிக் கட்டினேன். மறுநாள் அருப்புக்கோட்டைக்குப் போகிற கரிபஸ்ஸில் ஏறி நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“பண்டிகைக்கு நல்லாப் பழகணும்னு கேட்டீகள்ல, வச்சுக்கோங்கண்ணே. நாளைக்குக் கொண்டாந்தாப் போதும்.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெட்டியைத் திறக்கும் முன் நான் தெருமுனைக்கு வந்துவிட்டேன்.

பழி அவர் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் கோயிலே கொள்ளவில்லை. கம்புக் கதிரும் பூசணிக்காயும் பருத்தி மூட்டையும் பீடத்துக்கு முன் மலையாகக் குவிந்திருந்தன. அந்தக் குவியலுக்குப் பின்னால் பாட்டுக்காரர்கள் உட்கார்ந்ததால் தலைகள் மட்டும்தான் தெரிந்தன. அவரும் வந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எப்படி வாசிக்கப் போகிறார் என்று அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்தார். அப்படி ஒரு வாசிப்பை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாமான்னா இதுல்ல ஆத்தா சாமான்! சும்மாவா, சீமைச் சரக்கு!” என்றாள்.

ஆராதனை முடிந்ததும், விருந்தாளியாக வந்திருந்த போதகர் அந்தப் பேர்பெற்ற மாண்டலினைப் பார்க்க ஆசைப்பட்டார். என் வீட்டுக்காரரே பெட்டியைத் திறந்தார். உள்ளே சாயம் போன, தட்டை முதுகுள்ள, ஒரு மட்டமான மாண்டலின் இருந்தது. வண்ணத்துப்பூச்சியைக் காணோம்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். இது தன்னுடையது என்றார் அவர். பழகுவதற்கென்று மதுரையில் பழசாக வாங்கியதாம். சபை மாண்டலினைப் பார்த்து இதற்குக் கம்பி பூட்டத்தான் அன்றைக்கு நூல் வைத்து அளந்தாராம். “சபை மாண்டலின் வீட்டுல இருக்கு. ஒட்டு விட்டுப்போச்சு. ஒட்டிக் குடுத்துரலாம்னு வச்சிருக்கேன்.”

இரண்டு மூப்பர்கள் அவரோடு போய்ப் பிரிந்து கிடந்ததை எடுத்து வந்தார்கள். எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். “எங்கிட்ட இருக்கையிலதான் பாத்தேன்” என்றார். அசலை விற்பதற்காகப் போலியை வைத்துவிட்டான், அவசரத்தில் உடைத்தும்விட்டான் என்று சபை தீர்ப்புச் சொன்னது. இனி இந்தக் கோயிலில் வாசிக்க வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் ஏலத்தில் போன கம்பை அளந்து கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? இந்தக் கேள்வி என்னை அரித்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்போடு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறார், சமயம் பார்க்கிறார் என்று எண்ணினேன். அருப்புக்கோட்டையிலிருந்து யார் வந்தாலும் அவர் அனுப்பிய ஆளோ என்று முகத்தைப் பார்ப்பேன். யாரும் வரவில்லை.

மாண்டலினை மதுரையில் கொடுத்துச் சீர்செய்து, பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பாளையம்பட்டியிலிருந்து ஒரு வாத்தியார் வந்து வாசித்துப் பார்த்தார். நன்றாகப் படித்தவர்தான், ஆனால் கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். “உசுர உருவிட்டுப் போயிட்டான் பாவி” என்று தறிக்காரரைத் திட்டினார்கள். பண்டிகையன்று அவர்களை அழவைத்தது எந்த மாண்டலின் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அது நினைவிருந்தது. அதனால்தான் ஆறு மாதத்துக்கு மேல் தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன்.

தறிக்குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். கேட்க வேண்டியதை நான் நேராகவே கேட்டேன்.

“நான்தான்னு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெறந்த ஒடனே தெரியும். உள்ளுக்குள்ள ஒரு கை கம்பு கெடந்துச்சு.”

“பெறகு ஏன் சொல்லல?”

“சொன்னா யாரு நம்புவா? மூப்பர் வீட்டம்மா சொல்லுக்கு முன்னால தறிக்காரன் சொல்லு எடுபடுமா? பொய்யும் சொல்லுறான்னு இன்னொரு பழியும் சேந்திருக்கும்.” அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டே, “எம் மகளச் சாத்தூர்ப் பக்கம் கேட்டு வந்தாக. மாண்டலின் களவாண்ட வீடான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாக” என்றார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாம். சபையில எந்திரிச்சு, ‘அவரு திருடல’ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அது போதும்.”

வருகிற ஞாயிறே சொல்கிறேன் என்று வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு, சபையார் எழுந்து தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, அவர் வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் அவருடைய மகளும் இருந்தாள். குலுக்கையில் வைத்ததைச் சொன்னேன். கம்பியை முறுக்கியதைச் சொன்னேன். உடைந்ததைத் தெரிந்தே கொண்டுபோய்க் கொடுத்ததையும் சொன்னேன். “மாண்டலினைக் கெடுத்தவள் நான்தான்” என்று அழுதேன்.

என் வீட்டுக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து, “அடி பாவி, நூறு வருசத்துச் சாமானாச்சே! கம்புக்குள்ளயா போட்ட?” என்று ஒரு குரல் வந்தது. ஒருத்தி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். இன்னும் உள்ளே எங்கேயாவது கம்பு கிடக்கும், அதனால்தான் நாதம் வரவில்லை என்றார் ஒருவர். உடனே நாலைந்து பேர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கப் போனார்கள். அப்போது ஒரு மூப்பர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஒடச்சது நீன்னே இருக்கட்டும். அவன் ஏன் அன்னைக்கு வாயத் தொறக்கல? வேற ஒண்ண ஏன் பெட்டியில வச்சான்? அதுலயும் ஏதோ இருக்கத்தான செய்யிது?”

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், இந்தச் சபையில் ஏழை சொல் எடுபடாது என்று மூப்பர்களின் முகத்துக்கு நேரே, என் வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டும். ஏற்கெனவே போதுமான அளவு அவமானப்பட்டுவிட்டோம் என்று தோன்றியது. அவர் திருடவில்லை என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் மாண்டலினைச் சுற்றி நின்றார்கள். அதைக் கவிழ்த்து மெதுவாகக் குலுக்கி, கம்பு விழுகிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.