ககோஷிமாவில் விட்டு வைத்த இடம்

என் மகள் ஜப்பானில் ககோஷிமா என்ற நகரத்துக்கு ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பிக்கப் போனாள். அங்கேயே கலியாணம் கட்டி ஒன்பது வருடமாகிறது. நகரத்துக்கு எதிரே, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், ஓர் எரிமலை இருக்கிறது. நினைத்தபோதெல்லாம் புகையும். வானிலைச் செய்தியில் மழையோடு சேர்த்து, சாம்பல் எந்தப் பக்கம் அடிக்கும் என்றும் சொல்வார்களாம். அதைப் பார்த்துத்தான் உடுப்புக் காயப்போடுவார்கள். லண்டன் நோர்பரியில் இருந்துகொண்டு நானும் மனைவியும் தினமும் அதை போனில் பார்ப்போம். எங்களுக்கு வேறென்ன வேலை?

சனிக்கிழமைகளில் மகள் மாமியாரோடு அவர்களுடைய குடும்பக் கல்லறைக்குப் போவாள். சாம்பல் விழாமல் இருக்க அந்த ஊரில் கல்லறைகளுக்குக் கூரை போட்டிருப்பார்கள். அப்படியும் விழும். கல்லைக் கழுவித் துடைத்து, வாட முதலே பூவை மாற்றுவார்கள். அங்கிருந்தே வீடியோவில் எங்களைக் கூப்பிடுவாள்.

"சுடலையில நிண்டு கதைக்காத பிள்ளை" என்று மனைவி ஏசுவாள். ஏசிவிட்டு, இன்றைக்கு என்ன பூ என்று கேட்பாள்.

மாசியில் மனைவி போய்விட்டாள். மகள் வந்து இரண்டு கிழமை நின்றாள். தகனம் முடிந்து, எலும்பை மா மாதிரி அரைத்து ஒரு பிளாஸ்டிக் சாடியில் தந்தார்கள். ஜப்பானில் தன் மாமனார் செத்தபோது வீட்டார் எல்லோரோடும் நின்று, நீளக் குச்சிகளால் எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தவள் அவள். இந்தச் சாடியைத் திறந்து கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதில கொஞ்சம் எனக்கு எடுத்து வையுங்கோ. தங்கட கல்லறையில அம்மாவுக்கு இடம் தாறன் எண்டு மாமி சொன்னவ. இப்ப கொண்டுபோக ஏதோ பேப்பர் எல்லாம் வேணுமாம். கோடை லீவில வந்து கொண்டுபோறன்."

"ஓம்" என்றேன். அழுகிற பிள்ளையை விமானம் ஏற்ற வேண்டியிருந்தது, அதனால் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவியை, யாரோ ஒரு குடும்பத்துக் கல்லுக்குக் கீழே வைப்பதா? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முன்பே சவுத்எண்ட் கடற்கரையில் படகு பிடித்து, முழுவதையும் கடலில் கரைத்தேன். ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கவில்லை. கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கவும் செய்தேன். இன்று நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

ஆடியில் மகள் வந்தாள். சூட்கேஸைத் திறந்து முதலில் எடுத்தது, துணியில் சுற்றிய கையளவு வெள்ளைச் சாடி ஒன்று. மாமியார் தானே போய்த் தெரிந்தெடுத்து வாங்கியதாம். கல்லறையில் இடமும் ஒதுக்கித் துடைத்து வைத்திருக்கிறார்களாம். அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சொன்னேன்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. சாடியைத் திரும்பத் துணியில் சுற்றினாள்.

"எந்த இடம் எண்டாவது காட்டுங்கோ" என்றாள்.

அடுத்த நாள் பூ வாங்கிக்கொண்டு ரயிலில் சவுத்எண்ட் போனோம். நாங்கள் போன நேரம் அலை இறங்கி, கடல் வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சேறுதான். மகள் பூவோடு என் முகத்தைப் பார்த்தாள். அன்று படகில் எனக்கு மழையும் குளிரும் மட்டும்தான் தெரிந்தன. எவ்வளவு தூரம் போனோம், எந்தப் பக்கம் திரும்பினோம், ஒன்றும் நினைவில்லை. கையை நீட்டிச் சும்மா ஓரிடத்தைக் காட்டினேன்.

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். கால் புதையப் புதைய, பூவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வா பிள்ளை, எனக்குத் தெரியாது என்று கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.