ஒரு முதுகு, இரண்டு தீர்ப்பு

வெள்ளைத் துணிக்கட்டு ஒன்றைத் தூக்கும்போதுதான் அந்த வலி வந்தது. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, சில வாரங்களே இருந்தன. மலாக்கா முழுக்கக் கொடி தைக்கத் துணி கேட்டார்கள். பெண்டஹாரா சாலையில் இருந்த எங்கள் ஜவுளிக்கடையில் நிற்க நேரமில்லை. குனிந்து கட்டை எடுத்தேன். அப்புறம் நிமிர முடியவில்லை.

பேச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று சக்கரமும் எந்தெந்தக் குழியில் இறங்கின என்று இன்றைக்கும் சொல்வேன். பத்து நாள் படுக்கை. என் மனைவி ஆமினாவுக்கு வாய் சும்மா இருக்காது. நாட்டுக்கே விடுதலை வரும்போது இந்த மனுசருக்கு மட்டும் சிறைவாசமா என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பில் மின்னல் வெட்டியது.

எனக்குப் பெரிய துக்கம் வேறு. முப்பத்தாறு வயதில் பள்ளிவாசலில் உட்கார்ந்து தொழ வேண்டியதாயிற்று. எல்லோரும் ருகூவுக்குப் போகும்போது (இடுப்பிலிருந்து குனிந்து, முழங்காலைப் பிடித்து நிற்பது) நான் மட்டும் கீழே இருந்து முதுகுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அழுதே விட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். படம் எடுத்துப் பார்த்து எலும்பில் பழுதில்லை என்றார். பார்க்க வேண்டியது இயக்கக் கட்டுப்பாடு (அசைய வேண்டியது அசைந்து, அசையக் கூடாதது அசையாமல் இருப்பது) என்று விளக்கினார். சட்டையைக் கழற்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் குனியச் சொன்னார். குனிந்தேன். ‘நன்று’ என்று எழுதினார்.

இரண்டு நாள் கழித்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற மிஸ்ஸியிடம் (நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) போனேன். சீனப் பெண். மலாயில்தான் பேசுவார். அதே சோதனை. “சத்து காலி லாகி” என்று இன்னொரு தடவை, மறுபடி இன்னொரு தடவை குனிய வைத்துவிட்டு ‘மோசம்’ என்று எழுதினார்.

மோசம் என்றால் பிளாஸ்டர் சட்டை. நெஞ்சிலிருந்து இடுப்புவரை சுண்ணச்சாந்துத் துணியைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். மூன்று மாதம். ருகூவை மறந்துவிட வேண்டியதுதான்.

டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “முதுகு ஒண்டு, தீர்ப்பு ரெண்டு. பிழை முதுகிலயோ எங்கட சோதனையிலயோ எண்டு முதல்ல பாக்கோணும்” என்றார். பெரிய டாக்டர் ஒருவர் தன் சோதனையையே சந்தேகப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன். அவர்மேல் அப்போதே ஒரு பிரியம் வந்துவிட்டது.

மூன்றாவது தடவை இருவரும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஆளுக்கொரு மூலை. பேசக் கூடாது, ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும். கடையிலிருந்து நேராகப் போயிருந்தேன். சட்டையை மட்டும் கழற்றிவிட்டுக் கைலியோடு குனிந்தேன். இரண்டு சீட்டிலும் ‘நன்று’.

மிஸ்ஸிக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என் இடுப்பைக் காட்டி இது என்ன என்று மலாயில் கேட்டார். அது என் பச்சை பெல்ட். நாலு விரல் அகலம். எங்கள் ஆட்கள் கைலிமேல் கட்டுவது. பதினாறு வயதில் கட்டியது, குளிக்கவும் தூங்கவும் தவிர நான் கழற்றியதில்லை. அது உடம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஊரில் எங்கள் ஆட்களைத் தினம் பார்க்கிற டாக்டருக்கும் தெரியவில்லை. மிஸ்ஸி சோதித்த அன்று மட்டும் கயிறு வைத்த ஆஸ்பத்திரிக் கால்சட்டை கொடுத்திருந்தார்கள். பெல்ட் ஆணியில் தொங்கியது.

கழற்றினேன். கைலியை இறுக்கிச் சொருகிக்கொண்டு குனிந்தேன். இரண்டு சீட்டிலும் ‘மோசம்’.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “உங்கட பெல்ட் பாஸ். நீங்கள் ஃபெயில்.”

பிளாஸ்டர்தானா என்று கேட்டேன். அதுவும் இன்னொரு பெல்ட்தானே என்றார். பிடிமானம் கொடுத்தால் ஒழுங்காக நிற்கிற முதுகு, சொல்லிக்கொடுத்தால் படிக்கும் என்றார். ஆறு வாரம் தவணை. முடிவில் இருவரும் தனித்தனியாகப் பார்த்து, இருவரும் ‘நன்று’ என்று எழுதினால் பிளாஸ்டர் இல்லை.

மிஸ்ஸி ஒரு குச்சியை முதுகோடு நீளவாக்கில் வைத்து, தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் அதை விடாமல் குனியக் கற்றுக்கொடுத்தார். வீட்டில் செய்து காட்டியதும் ஆமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “இது ருகூதானே? இத்தனை வருசமா என்னத்தத்தான் தொழுதீங்க?” நியாயமான கேள்வி. சின்ன வயதில் ஓதப்போன இடத்திலேயே, ருகூவில் முதுகில் தண்ணீர் வைத்தாலும் சிந்தக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி.

மறுநாளே ஆமினா கோப்பிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து என் முதுகில் வைத்தாள். முதல் வாரம் முழுக்கக் கைலி நனைந்தது. மெர்டேக்கா அன்று தெருவெல்லாம் கொடி, எங்கள் கூடமெல்லாம் தண்ணீர். ஒன்பது வயது மகள் சுபைதாவும் நடுவராகச் சேர்ந்தாள். நல்ல மீன் வாங்கி வந்த நாளில் ஆமினா தாராளமாக ‘நன்று’ கொடுப்பாள். சுபைதா ஈவிரக்கமில்லாதவள், ஒரு சொட்டு விழுந்தாலும் ‘மோசம்’. அவர்களையும் ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினேன். ஐந்தாம் வாரம் தாயும் மகளும் மூன்று நாள் தொடர்ந்து ஒரே தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வீட்டில் அது பெரிய அதிசயம்.

இதை வாசிக்கிற முதுகுவலிக்காரருக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் பார்த்து ஒன்றும் இன்னொருவர் பார்த்து வேறொன்றும் சொன்னால் பயந்துவிடாதீர்கள். இரண்டு தடவையும் எப்படி நின்றீர்கள், என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள். நான் சொல்லாத குற்றம் கிட்டத்தட்டப் பிளாஸ்டரில் முடிந்திருக்கும்.

ஆறாம் வாரம் கயிறு வைத்த கால்சட்டையில் குனிந்தேன். முதலில் டாக்டர், அடுத்த அறையில் மிஸ்ஸி. இரண்டு சீட்டிலும் ‘நன்று’. சிரித்துப் பார்த்தறியாத மிஸ்ஸி “பாகுஸ்” என்று, மலாயில் அதே ‘நன்று’ சொல்லி, என் தோளில் தட்டினார். வெளியே வந்து, பேச்சா வேண்டாம் என்று வீடுவரை நடந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை துக்காங் எமாஸ் சாலைப் பள்ளிவாசலில் வரிசையில் நின்றேன். இரு பக்கமும் தோள்கள் என் தோளைத் தொட்டன. ‘அல்லாஹு அக்பர்’ என்று இமாமின் தக்பீர் கேட்டதும் குனிந்தேன். முன்பெல்லாம் எப்போது நிமிரலாம் என்று அவசரமாக இருக்கும். இப்போது இடுப்பு மடிவதும், முதுகு நேராக நிற்பதும், மூச்சு உள்ளே போவதும் தனித்தனியாகத் தெரிந்தன. என் உடம்புக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று சந்தோஷமாக இருந்தது. அதற்குள் இமாம் நிமிர்ந்துவிட்டார். மனுசர் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்திருந்தால் என்ன என்று இருந்தது எனக்கு.