கன்றுக்கு ஆகாத பால்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் நான் ஆசிரியையாக இருந்தேன் என்று பேர். உண்மையில் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த முதல் வேலை பால் குடிப்பது. கைக்குழந்தைக்காரி பால் குடித்தால்தான் பால் ஊறும் என்று திருப்பத்தூரிலிருந்து மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புவார். அதை நிறைவேற்றும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் அவளுடைய பசுவின் பால் ஒரு சொம்பு வாசலுக்கு வந்துவிடும். நான் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள் அல்லவா, துணியில் வடிகட்டி, பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் குடிப்பேன். ஒரு கிருமி என்னிடம் தப்பியதில்லை.

அந்தப் பசுவின் கன்றுக்குத் திடீரென்று என்னவோ ஆயிற்று. சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. கண்ணெதிரே கையை ஆட்டினால் இமைக்கவில்லை. தாயோ சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவர் ஜீப்பில் வந்தார்.

அவர் கன்றைப் பார்த்ததைவிட எருக்குழியைத்தான் அதிக நேரம் பார்த்தார். புளி ஏற்ற வந்த லாரிக்காரர் விட்டுப்போன செத்த பேட்டரியை அக்காவின் வீட்டுக்காரர் உடைத்திருந்தார். கறுப்புப் பெட்டி கோழியை அடைவைக்க உதவியது. உள்ளே இருந்த தகடுகள் எருக்குழி ஓரம் கிடந்தன. பசு அவற்றை ஆசையாக நக்கிக்கொண்டிருப்பதை எல்லோரும்தான் பார்த்திருந்தோம்.

"இதுல இருக்கறது ஈயம்மா. மாடு நக்குது, பால்ல எறங்குது," என்றார் மருத்துவர்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஈயமா? நல்லதுதானே சார்! டவுன்ல ஈயச் சொம்புலதான் ரசமே வெப்பாங்களாமே?"

"அது வெள்ளீயம். இது காரீயம். மூளையத் தாக்கற விஷம்."

ஒன்று ரசத்தை மணக்க வைக்கிறது, இன்னொன்று கண்ணைப் பிடுங்குகிறது. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. தாய்க்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நான் கேட்டேன்.

"வளந்த ஒடம்பு பெரும்பாலும் வெளிய தள்ளிடும் டீச்சர். பால்குடிக் குட்டிக்கு அப்படியில்ல. பால்ல வர்றதையெல்லாம் விடாம இழுத்துக்கறதுக்குன்னே அமைஞ்ச குடல் அது. சத்து எது, ஈயம் எதுன்னு அதுக்குத் தெரியாது. எந்தக் குட்டியா இருந்தாலும்..."

அப்போதுதான் என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். நானும் அந்தப் பாலைத்தான் குடிக்கிறேன் என்றேன்.

"பசும்பால விட்டுடுங்க. தாய்ப்பால விடாதீங்க."

"இவன் ஒடம்புல எவ்வளவு போயிருக்கும்னு பாக்க முடியுமா?"

"அதுக்கு இங்க ஏதும்மா வசதி? கன்னுன்னா, செத்தப்புறம் ஈரல அனுப்பிப் பாக்கலாம்."

எங்களுக்கு அந்த வசதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கன்று செத்தது. தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார்கள். பசு அதை நக்கிக்கொடுத்துப் பால் சுரந்தது. மறுநாள் அழுது வீங்கிய கண்ணோடு அக்கா சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கன்னுக்குத்தான் ஆவாது, பெரியவங்களுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே. குடிங்க டீச்சர். அப்பத்தான் கொயந்தைக்குப் பால் ஊறும்."

அவள் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டேன். அது கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்தோடு உறிஞ்சியது. வாழ்க்கையில் முதல்முறையாக, போதுமடா என்று அதனிடம் சொல்லத் தோன்றியது.

பையன் வளர்ந்தான், பள்ளிக்கூடம் போனான், ஒவ்வொரு பரீட்சையிலும் கணக்கில் கோட்டைவிட்டான். டீச்சர் பிள்ளை மக்கு என்று ஊர் சிரித்தது. அவன் அப்பா கை ஓங்கும்போதெல்லாம் நான் நடுவில் போய் நிற்பேன். செல்லம் கொடுத்தே அவனைக் கெடுத்துவிட்டேன் என்பார் மாமியார். நான் அவனுக்குக் கொடுத்தது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.