பதினொரு பக்கத்துப் பல்

போன ஆண்டு ஆடி மாதம், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் ஒரு மீனவர் குப்பத்தில் நடந்தது இது. இருபத்தைந்து வருடங்களாக அரசியல் கார்ட்டூன் போடுகிறவன் நான். என் படத்தால் எந்த ஆட்சியும் ஆடியதில்லை. என் முதுகெலும்புதான் வளைந்தது. தினமும் அதே முகங்களை வரைந்து அலுத்துப்போய், நடுவில் குழந்தைகள் புத்தகங்களுக்கும் படம் போட ஆரம்பித்தேன். அங்கேயாவது யாரையும் கிண்டல் செய்ய வேண்டாம் என்று ஒரு நப்பாசை.

அந்த முறை வந்தது மீன் விற்கும் ஒரு அம்மாவின் கதை. என் வீடு இருக்கும் படூரிலிருந்து வாரம் ஒருநாள் குப்பத்துக்குப் போய், நான் வழக்கமாக மீன் வாங்கும் பெண்மணியையே மாதிரியாக வைத்து வரைந்தேன். அவர் மகள் படிக்கும் பள்ளிக்கும் புத்தகம் வரும் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அச்சுக்குப் போவதற்கு முன் படங்களின் நகலை அவரிடம் காட்டினேன். நெகிழ்ந்துபோவார் என்று காத்திருந்தேன். பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சார், எல்லாத்துலயும் என் பல்லுதான் மீன் வித்துகினு கீது?"

பக்கத்துக் கூடைக்காரர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"எம் பொண்ணு இஸ்கோலுக்கு இது வரும்னியே, நெசமாவா?"

"ஆமாம்மா."

"அப்ப நா அந்த இஸ்கோலாண்ட போவ முடியாது. வுடு சார்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுச் சங்கரா மீனின் செதிலைத் தேய்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் என் படங்களை நானே ஒழுங்காகப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரு தலைவர் புதிதாகப் பதவிக்கு வந்தால், அவர் முகத்தில் ஒரு பிடியைத் தேடுவோம். மூக்கோ, காதோ, தாடையோ கிடைத்துவிட்டால் அதை ஊதிப் பெருக்குவோம். இந்த அம்மாவுக்கு முன்பல் இரண்டும் கொஞ்சம் எடுப்பு, அவ்வளவுதான். என் கை என்னைக் கேட்காமலே அதைப் பிடித்துப் பதினொரு பக்கத்துக்கு இழுத்திருந்தது. அமைச்சர்கள் இதையெல்லாம் தாங்கிக்கொள்வார்கள். மறுநாளே ஒரிஜினல் கேட்டு ஆள் அனுப்புகிறவர்களும் உண்டு.

எல்லாப் படங்களையும் மாற்றி வரைய வேண்டும் என்று பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். "நீங்கதானே சார் ஓகே சொன்னீங்க?" என்று கேட்ட ஆசிரியர், ஒரு பெருமூச்சோடு மறுநாள் மாலை வரை அவகாசம் தந்தார். அங்கேயே ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, கொஞ்ச நேரம் எனக்காக உட்கார முடியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"யாவாரம் கீது சார். நா வித்துகினு இருக்கேன், நீ பாத்து போட்டுக்கோ."

முதல் தாளில் பல் மறுபடியும் கிளம்பி வந்தது. பயந்துபோய் அடுத்ததில் வாயை மூடி வரைந்தேன். யாரோ உம்மணாமூஞ்சி உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது, இடுப்பு விட்டுப்போனது. தாள்கள் கசங்கிக்கொண்டே இருந்தன.

"இம்மா நேரமா சார்? ஒரு கூடையே காலி பண்ட்டேன் நானு."

மதியத்துக்கு மேல் அவர் யாரிடமோ விலை பேசிச் சிரித்தபோது, பல்லை அது இருந்த அளவிலேயே, கண்ணோடும் கன்னத்தோடும் சேர்த்து வரைந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது நாந்தான். பல்லு இருக்கட்டும், கீறதுதானே."

மறுநாள் மாலைக்குள் எல்லாப் பக்கங்களையும் முடித்தபோது விரல்கள் மடங்கவே மறுத்தன. புத்தகம் வந்தது, பள்ளிக்கும் போனது. அவர் அங்கே போனாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் இல்லை. நான் ஒன்றும் திருந்திவிடவில்லை, எந்த முகத்தைக் கண்டாலும் கண் முதலில் பிடியைத்தான் தேடுகிறது. ஆனால் அந்த முகத்துக்காரர் நாளைக்கு யார் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் இப்போது பென்சிலைத் தொடுகிறேன்.