பஞ்சாரத்துப் பட்டுப்பூச்சி

பத்து வயதில் நான்கு மாப்பிள்ளைகளைச் சீமாற்றால் அடித்து விரட்டியவள் நான். எனக்கென்று வந்த மாப்பிள்ளைகள்கூட இல்லை என்பதுதான் இதில் கூடுதல் அவமானம்.

வெண்ணந்தூரில் எங்கள் கொல்லை இலந்தை மரத்தில் காம்போடு தொங்கிய ஒன்றைக் காய் என்று பறித்தேன். சாம்பல் நிறம், கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் சிறிது. கடித்துப் பார்த்ததில் பல்தான் ஆடியது. தறியில் உட்கார்ந்திருந்த அத்தை, "அது காயி இல்ல சாமி, காட்டுப் பட்டுக்கூடு. உள்ள புழு தூங்குது" என்றார். கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத்தான் நூலெடுப்பார்கள் என்று நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தை காப்பிக்கு அடுப்பு மூட்டியதும் என் கூட்டுக்குத்தான் தண்ணீர் காய்கிறது என்று நினைத்துவிட்டேன். கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரம் ஒன்று காலியாகக் கிடந்ததே, அதற்குள் ஒளித்துவைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கூட்டின் முனை ஈரமாகி இளகியது. கசங்கிய ஈரத்துணி போல ஏதோ வெளியே வந்து, மூங்கிலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே விரிந்தது. மஞ்சள் நிறம், என் இரண்டு உள்ளங்கை அகலம். ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு வட்டக் கண்ணாடிச் சன்னல். சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், தொடவில்லை. கொய்யாவை நசுக்கி வைத்தேன், அதையும் தொடவில்லை. பட்டினியில் செத்துவிடுமே என்று எனக்கும் சோறு இறங்கவில்லை. அதற்கு அம்மாவிடம் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் செம்மண் நிறப் பூச்சி ஒன்று பறந்துவந்து பஞ்சாரத்தில் மோதியது. பின்னாலேயே இன்னும் மூன்று. என் பூச்சியைத் தின்ன வந்த கூட்டம் என்று முடிவுகட்டிச் சீமாற்றை எடுத்தேன்.

"உட்டுரு சாமி, அதுக உன்னைய என்ன பண்ணுச்சு?" என்றார் அத்தை.

நான் விடவில்லை. மூன்று சாயங்காலம் காவலிருந்தேன். என் பூச்சி மூங்கிலில் முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டு ஒரு வாரத்தில் செத்துப்போனது. முட்டைகளையாவது காப்பாற்றலாமென்று தினமும் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொரியவில்லை, எல்லாம் குழிந்து காய்ந்தன.

அந்தப் பூச்சிக்குத் தின்ன வாய் கிடையாது, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே கடைசி நாள்களை ஓட்டும், பெண்ணின் வாசனையைப் பிடித்து ஆண்கள் வெகுதூரத்திலிருந்து வரும் என்றெல்லாம் நாற்பது வயதுக்குமேல் ஒரு புத்தகத்தில் படித்தேன். கொதிநீரிலிருந்து காப்பாற்றிய நானே வம்சத்தை அறுத்திருக்கிறேன். மனம் கேட்காமல் போன பொங்கலுக்கு அத்தையிடம் ஒப்புக்கொண்டேன்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்காவது சொல்லாமக் கொள்ளாம நாலு மாப்பிள்ளை வந்துச்சு. உனக்கு ஒண்ணு புடிக்க உங்கொப்பன் தரகரு பின்னால மூணு வருசம் அலைஞ்சான் சாமி."