இலவம்பஞ்சுக் குளிர்ச்சி

போடி கடைத்தெருவில் என் மாமனார் பொன்னுராஜை நல்ல மனுஷர் என்று சொல்லாத ஆள் கிடையாது. சொன்னவர்கள் யாரும் அவரோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை.

இலவம்பஞ்சு மெத்தை வியாபாரம் அவருக்கு. தூக்கம் வரவில்லை, கண் எரிகிறது, எது சொன்னாலும் ஒரே வைத்தியம்தான்: இலவம்பஞ்சில் படு, சூடு இறங்கிவிடும். வியாபாரத்துக்காகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை வேதவாக்காக நம்பிவிட்டார்.

2009இல் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு, லேப்டாப்பில் தட்டச்சு செய்து மதுரைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். மருமகள் கடையில் உட்கார்ந்து மெத்தை உறை தைக்கவில்லையே என்று அவருக்கு எரிச்சல். என் கணவர் விஜய்ராஜ் அப்பா முன்னால் வாயைத் திறக்கவே மாட்டார்.

சித்திரை வெயிலில் லேப்டாப் கொதித்தது. உள்ளே ஃபேன் இரைந்தது. தொட்டுப் பார்த்த மாமனார் சாயங்காலமே அதன் அளவுக்கு ஒரு குட்டி மெத்தை தைத்துக்கொண்டு வந்தார்.

"இவாஞ்சலின், இதுல வையி. மனுசனுக்கே சூட்டை எறக்குது, மெசினுக்கு எறக்காதா?"

"மாமா, அதுக்கு அடியில காத்துப் போகணும். மெத்தை ஓட்டைய அடைச்சுக்கிரும்."

"எனக்கே பஞ்சைப் பத்திப் பாடமா?"

நான் மெத்தையை எடுத்துவிடுவேன். சமையலை முடித்துவிட்டு வந்தால் லேப்டாப் மறுபடியும் அதன்மேல் இருக்கும். வேலையின் நடுவே அணைந்து அணைந்து போனது. இன்னொரு முறை தாமதமானால் வேலை கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதை மாமனாரிடம் அழுதபடியே சொன்னேன். தலையாட்டினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு கோப்பு அனுப்ப வேண்டும். டாக்டர் பேசிய ஆடியோ டவுன்லோட் ஆகிக்கொண்டிருந்ததால், லேப்டாப்பை அணைக்காமல் வெறும் மேசையில் விட்டுவிட்டு விஜய்ராஜோடு சர்ச் ஆராதனைக்குப் போனேன். தலைவலி என்று மாமனார் மட்டும் வரவில்லை. திரும்பி வந்தபோது அது மெத்தையில் கிடந்தது. தூசி விழக்கூடாதாம், மேலே துண்டு வேறு. கை வைக்க முடியவில்லை. திரை கறுத்துப்போயிருந்தது. தேனியில் ரிப்பேர் கடையில் பிரித்துப் பார்த்தார்கள். ஃபேன் முழுக்கப் பஞ்சு அடைத்து, போர்டு வெந்துபோயிருந்தது. வேலையும் போனது.

"நீங்கதானே மாமா வச்சீக?"

"விடு தாயி, மெசினு போனா போகுது. கடையில உறை தைக்க ஆளில்ல. நாளைக்கே வந்துரு."

அந்தக் குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வரமாட்டேன். இனிமே இந்த வீட்லயும் இருக்க மாட்டேன்."

"போ. ஒம் புருசன் கூட வாரானான்னு கேட்டுக்க," என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அந்த மனுஷரை இன்றுவரை வெறுக்கிறேன்.

துணிகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டு வந்து கேட்டேன். விஜய்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.