'மேலிடம்' என்று எழுதினேன்

கடலூர் அருகே ஒரு ரசாயன ஆலையில் ஷிஃப்ட் ஆபரேட்டராக இருந்தேன். ஒருநாள் காலை வாயுக்கசிவு அலாரம் அடித்தது. உடனே டைரக்டரே போனில் வந்தார்.

"வெளிநாட்டுப் பார்ட்டி வந்திருக்காங்கய்யா. மொதல்ல அத நிறுத்து."

நிறுத்தினேன். பதிவேட்டில், 'மேலிடத்து உத்தரவுப்படி அலாரம் நிறுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய அதிகாரிகளின் பெயரை எழுதுவது மரியாதைக் குறைவு என்பது எங்கள் ஆலை வழக்கம்.

சற்று நேரத்தில், தொட்டியருகே மயங்கிக் கிடந்த என் நண்பன் பஷீரைத் தூக்கி வந்தார்கள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில், கண்ணில் கட்டோடு அவன் சொன்னான்:

"சத்தம் கேட்டு வெளியதான் ஓடியாந்தேன் மச்சான். நின்னுடுச்சேன்னுதான் திரும்ப உள்ள போனேன்."

பார்வை திரும்பவேயில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம், "மேலிடம்னா யாருய்யா?" என்றார். டைரக்டரைக் கை காட்டினேன்.

"நான் அப்படி எதுவும் சொல்லலீங்களே" என்றார் அவர், முகம் மாறாமல்.

பதிவேட்டில் இருந்தது என் பெயர் மட்டும்தான். வேலை போனது எனக்கு. அவர் இன்றும் டைரக்டர்.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். போனில் உத்தரவு வந்தால், "சார், உங்க பேரப் போட்டு எழுதிக்கிறேன்" என்கிறேன். பாதி உத்தரவுகள் அங்கேயே வாபஸாகிவிடுகின்றன.